கம்பெனியை மூடத் தாமதமா? ரிட் மனுவுக்கு முன் செய்யும் தவறுகள்

கம்பெனியை மூட, அரசுப் பதிவேட்டிலிருந்து அதன் பெயரை நீக்கக் கோரும் எஸ்.டி.கே.-2 படிவம் போட்டு மாதக்கணக்காகியும் கம்பெனிப் பதிவாளர் அசையவில்லை என்று கொதிக்கும் பங்குதாரர்கள், அவரைக் கடமையைச் செய்யச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட நேராக வழக்கறிஞரிடம் ஓடுகிறார்கள். முதலில் திறக்க வேண்டியது கம்பெனியின் மின்னஞ்சல் பெட்டி. விண்ணப்பத்தில் குறை இருந்தால் 15 நாள் கெடு வைத்துத் திருத்தி அனுப்பச் சொல்லிப் பதிவாளர் அலுவலகம் மின்னஞ்சலில் கடிதம் அனுப்பும். மறுபடியும் அரைகுறையென்றால் இன்னொரு 15 நாள். அதற்குப் பிறகு விண்ணப்பம் செல்லாது. அந்தக் கடிதம் போய்ச் சேரும் மின்னஞ்சல் முகவரியோ, கம்பெனி தொடங்கிய நாளில் ஆடிட்டர் அலுவலகத்துப் பையன் பதிந்து கொடுத்ததாக இருக்கும். பையன் வேலை மாறிவிட்டான். கடிதம் படிக்கப்படாமலே கிடக்கிறது. நீங்கள் 'தாமதம்' என்று வாதிடும் நாளில் எதிர்த்தரப்பு அதன் நகலை நீட்டினால், அதோடு சரி.

அடுத்த குழப்பம், மனுதாரர் யார் என்பது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் 248(2) பிரிவின்படி விண்ணப்பிப்பது கம்பெனி; அதற்குச் சிறப்புத் தீர்மானமோ (உறுப்பினர் கூட்டத்தில் நான்கில் மூன்று பங்கு வாக்கு பெற்ற தீர்மானம்), செலுத்தப்பட்ட மூலதனத்தில் 75 சதவீதம் வைத்திருக்கும் உறுப்பினர்களின் சம்மதமோ வேண்டும். எனவே கம்பெனியையும் மனுதாரராகச் சேர்ப்பதே பாதுகாப்பு. இயக்குநர்களே மூட ஒத்துழைக்கவில்லை என்றால் அது வேறு சண்டை. தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் போட வேண்டியது.

அதே சட்டத்தின் 252ஆம் பிரிவைத் தூக்கிக்கொண்டு வருபவர்களும் உண்டு. பெயர் நீக்கப்பட்ட பிறகு அதை எதிர்க்கவும் மீட்கவும்தான் அந்தப் பிரிவு. நீக்கத் தாமதிப்பதற்கு அதில் மருந்து இல்லை. அரசியல் சாசனத்தின் 226ஆவது பிரிவில் ரிட் மனுவோடு உயர் நீதிமன்றத்தை அணுகுவதே வழி. அதற்கும் முன், 'முடிவெடுங்கள்' என்று எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். தொலைபேசியில் கேட்டதெல்லாம் கணக்கில் வராது. உள்ளூர்ப் பதிவாளரை மட்டும் எதிர்மனுதாரராக்குவதும் வீண். 2023 மே 1 முதல் இந்த விண்ணப்பங்களைப் பார்ப்பது ஹரியானாவின் மானேசரில் உள்ள சி-பேஸ் (C-PACE) என்ற மத்திய அரசு மையம்.

கோரிக்கையிலும் பேராசை கூடாது. 'கம்பெனியைக் கலைத்து உத்தரவிடுங்கள்' என்றால் நீதிமன்றம் பதிவாளரின் நாற்காலியில் உட்கார விரும்பாது. 'இத்தனை வாரத்துக்குள் சட்டப்படி முடிவெடுக்க உத்தரவிடுங்கள்' என்று கேளுங்கள். அந்த உத்தரவு கிடைத்த மறுநாளே கம்பெனி மறைந்துவிடாது. பொது அறிவிப்பு வெளியாகி, ஆட்சேபத்துக்கான 30 நாள் ஓட வேண்டும். கடன் பாக்கிகளுக்கு வழி செய்யப்பட்டிருக்கிறது என்று பதிவாளர் திருப்தியடைய வேண்டும். அரசிதழில் அறிவிப்பு வர வேண்டும். கலைந்தது அப்போதுதான்.