அரை மில்லிமீட்டர் என்ன செய்துவிடும்? காக்லியாவை அளக்கும்போது நடக்கும் தவறுகள்

ஒரே சி.டி. ஸ்கேன், ஒரே காது. ஒருவர் அளந்தால் 8.8 மி.மீ., இன்னொருவர் அளந்தால் 9.3 மி.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் இந்த எண் அப்படியே நிற்பதில்லை, அடுத்து ஒரு பெருக்கலுக்குள் போகிறது.

காக்லியர் இம்ப்ளாண்ட், அதாவது செவிநரம்பை மின்சாரத்தால் தூண்டிக் கேட்க வைக்கும் கருவி, வைப்பதற்கு முன், காதுக்குள் நத்தைக்கூடு போல் இரண்டரைச் சுற்றுச் சுருண்டிருக்கும் காக்லியாவின் நீளம் தெரிய வேண்டும். எவ்வளவு நீளமான எலெக்ட்ரோடை, அதாவது நரம்பைத் தூண்டும் மெல்லிய கம்பியை, உள்ளே விடுவது என்ற முடிவு அதை வைத்துத்தான். சுருளை நேரடியாக நூல் பிடித்து அளக்க முடியாது. அதனால் அடிச்சுற்றின் விட்டத்தை அளந்து, சூத்திரத்தில் போட்டு நீளத்தைக் கணிக்கிறார்கள். காக்லியாவின் அடியில் சவ்வு மூடிய சிறு திறப்பான வட்டச் சன்னலில் தொடங்கி, சுருளின் நடுத்தூணான மோடியோலஸ் வழியாக எதிர்ச்சுவர் வரை போகும் இந்தக் கோட்டுக்கு ‘ஏ’ அளவு என்று பெயர். 2006இல் எஸ்குடே குழுவினர் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2015இல் அலெக்ஸியாடிஸ் குழு கொடுத்த சூத்திரம் எளிது: ‘ஏ’யை 4.16ஆல் பெருக்கி 4ஐக் கழிக்க வேண்டும். 8.8 போட்டால் 32.6 மி.மீ., 9.3 போட்டால் 34.7 மி.மீ. அரை மில்லிமீட்டர் இப்போது இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் ஆகிவிட்டது.

இரண்டு மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு? காக்லியாவில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஓர் இடம் உண்டு; அடிப்பகுதியிலும் நடுப்பகுதியிலும் ஏறக்குறைய 5 மி.மீ.க்கு ஒரு ஸ்தாயி அடங்குகிறது. அப்படிப் பார்த்தால் சட்ஜமத்திலிருந்து சுத்த மத்திமம் வரை உள்ள தூரம். எலெக்ட்ரோடு அந்த அளவு தள்ளி உட்கார்ந்தால், ஒரு சுரத்துக்கான ஒலி வேறொரு சுரத்தின் இடத்து நரம்பைத் தூண்டும். மூளை நாளடைவில் பழகிக்கொள்ளும், உண்மைதான். ஆனால் அந்த வேலையை ஏன் அதன் தலையில் கட்ட வேண்டும்?

இந்த அரை மில்லிமீட்டர் பெரும்பாலும் நழுவுவது, தளத்தை, அதாவது படம் வெட்டப்படும் சாய்வை, திருப்பாமல் அளக்கும்போதுதான். ஸ்கேனைத் திறந்ததும் வருகிற குறுக்குவெட்டுப் படத்திலேயே கோடு போட்டுவிடுகிறார்கள். காக்லியா தலைக்குள் நேராகப் படுத்திருக்கவில்லை, சாய்ந்திருக்கிறது. வெங்காயத்தை நடுவில் வெட்டாமல் ஓரமாக வெட்டினால் வளையம் சின்னதாகத்தானே வரும்? அதே கதைதான். மூன்று தளங்களையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, அடிச்சுற்று முழுதும் ஒரே படத்தில், தட்டில் வைத்த முறுக்கு போலத் தெரியும்வரை விடக்கூடாது. அதே படத்தில் வட்டச் சன்னலும் தெரிய வேண்டும். அப்புறம்தான் கோடு.

கோட்டின் தொடக்கப்புள்ளியும் வழுக்கும். வட்டச் சன்னலின் சவ்வு சி.டி.யில் தனியாகத் தெரிவது அபூர்வம். சன்னலுக்கு வெளியே உள்ள குழியில் காற்று இருப்பதால் அது கறுப்பு, உள்ளே திரவம் இருப்பதால் அது சாம்பல். கறுப்பு முடிந்து சாம்பல் தொடங்கும் இடத்தின் நடுவில் புள்ளி வைக்க வேண்டும். குழியின் வெளி விளிம்பில் வைத்தால் அளவு கூடிப்போகும். இதை நாலைந்து காதுகளில் நிதானமாகச் செய்து பார்த்தால் கை பழகிவிடும். எனக்குப் பழக அதைவிட அதிக நாளானது, சொல்லிக்கொள்ள வெட்கமில்லை.

ஸ்கேன் தரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தலைவலிக்கு எடுத்த 5 மி.மீ. ஸ்லைஸ் மூளை ஸ்கேனில் இந்த வேலை நடக்காது. காதுப்பகுதி எலும்புக்கென்று 0.6 மி.மீ. அல்லது அதைவிட மெல்லிய ஸ்லைஸ் வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தின் மேல் ஸ்கேல் வைப்பதும் வேண்டாம். ஸ்கேன் கருவி தரும் அசல் டைகாம் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, எண்களை ஒப்பிடுவதில் வரும் குழப்பம். 1938இல் ஹார்டி அளந்தபோது சராசரி நீளம் 31.5 மி.மீ. 2014இல் வூர்ஃபெல் குழு அளந்தபோது கிட்டத்தட்ட 38. எழுபத்தாறு வருடத்தில் மனிதக் காது வளர்ந்துவிட்டதா என்ன? ஹார்டி, பதப்படுத்திய எலும்பின் வெட்டுகளில் ஒலியை உணரும் செல்கள் உள்ள கார்ட்டி உறுப்பை ஒட்டி அளந்தார். வூர்ஃபெல் குழு ஸ்கேனில் வெளிச்சுவரை ஒட்டி அளந்தது. ஓட்டப்பந்தயத்தில் உள்தடமும் வெளித்தடமும் ஒரே நீளம் இல்லையே. ரிப்போர்ட்டில் எண்ணை மட்டும் எழுதிவிட்டு எந்தக் கோட்டில் அளந்தது என்று எழுதாமல் விட்டால், படிப்பவர் தனக்குப் பழகிய கோடு என்றே எடுத்துக்கொள்வார். வேறுபாட்டின் அளவையும் கவனியுங்கள்: ஹார்டியின் காதுகளிலேயே 25 முதல் 35 வரை இருந்தது. ‘சராசரிக் காது’க்கு எலெக்ட்ரோடு தேர்ந்தெடுப்பது எவ்வளவு துணிச்சலான காரியம் என்று இதிலேயே தெரியும்.

சூத்திரமே செல்லாத காதுகளும் உண்டு. பிறவியிலேயே சுற்றுகள் முழுதாக உருவாகாத காக்லியாவில், சாதாரணக் காதுகளிலிருந்து பிறந்த சூத்திரத்தைப் போட்டால் பார்க்க அழகாக ஓர் எண் வரும், அதற்கு அர்த்தம் இருக்காது. மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு செவித்திறன் போனவர்களிடம் இன்னொரு பொறி: சுருளுக்குள் நார்த்திசு அடைத்திருக்கலாம். எலும்பாகக் கெட்டிப்படும்வரை அது சி.டி.யில் பிடிபடாமல் போகலாம். நீளம் சரியாக இருந்தும் எலெக்ட்ரோடு நுழையாது. எம்.ஆர்.ஐ.யில் உள்திரவம் வெளிச்சமாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. செவிநரம்பு இருக்கிறதா என்பதற்கும் எம்.ஆர்.ஐ.தான்.

குழந்தை என்றால் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். தேவையே இல்லை. காக்லியா பிறக்கும்போதே பெரியவர்கள் அளவில்தான் இருக்கிறது. “பிள்ளை வளர்ந்தால் உள்ளே இருக்கிற கம்பி குட்டையாகிவிடாதா டாக்டர்?” என்று பெற்றோர் கேட்பது வேறு கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. காக்லியா வளராது, மண்டையோடு வளரும். அதற்காகத்தான் காக்லியாவுக்கு வெளியே உள்ள கம்பியைக் கொஞ்சம் தளர்வாகச் சுருட்டி விட்டுவைக்கிறார்கள்.