தண்ணீர் இறங்கிவிட்டதா, பைப் ஓட்டையா?

காங்கயம் பக்கம் எங்கள் வீட்டு போர்வெல். அரை மணியில் நிறைகிற டேங்க் ஒன்றரை மணி நேரம் இழுக்க ஆரம்பித்தது. சித்திரை மாசம், தண்ணி இறங்கியிருக்கும் என்றது தெருவே.

எனக்கு நம்பிக்கையில்லை. நீர்மட்டம் இறங்கினால் குழாய் காற்றும் தண்ணீருமாகக் கக்கும்; ஸ்டார்ட்டர் பெட்டியில் மோட்டார் இழுக்கும் கரண்டைக் காட்டும் ஆம்ப்ஸ் முள் சரிந்து ஆடும். இங்கே முள் அசையவில்லை. தண்ணீரும் மெலிசுதான், ஆனால் விடாமல் வந்தது.

மெயினை அணைத்து, போர் மூடியைத் தளர்த்தி, பிறகு மோட்டாரைப் போட்டுக் காதை வைத்தேன். உள்ளே மழை கொட்டுகிற சத்தம்! மேலே வரவேண்டியது பாதி வழியிலேயே திரும்ப விழுந்துகொண்டிருந்தது.

மோட்டார் தூக்கும் ஆட்கள் முக்காலி போட்டு, 20 அடி ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். "ஏனுங்ண்ணா, இங்க பாருங்க." இரண்டு பைப்பை இணைக்கும் கப்ளிங்கை ஒட்டிய மரையில் துரு தின்று, பென்சில் முனை நுழையும் ஓட்டை. பக்கத்து பைப்பின் மரையும் கையில் உதிர்ந்தது. எங்கள் உப்புத் தண்ணீருக்கு ஜிஐ தாங்காது. வெல்டிங் வேண்டாமென்று மொத்தமும் கருப்பு ஹெச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) ஓஸாக மாற்றி, மோட்டாரைத் தாங்க நைலான் கயிறும் கட்டி இறக்கினோம். பழைய வேகம் வந்துவிட்டது.

மழைக்கு மறுநாள் கலங்கலாக வந்தால் விஷயம் வேறு: மண் சரியாமல் போரின் மேல்பகுதியில் இறக்கும் கேசிங் குழாயைச் சந்தேகப்படுங்கள். மோட்டார் மேலே இருக்கும்போதே கேமரா இறக்கிப் பார்த்துவிட்டால் மோட்டாரைத் திரும்பத் தூக்கும் இரண்டாவது கூலி மிச்சம்.