வெயிலில் நின்ற பழைய ஹோண்டா ஸ்டார்ட் ஆகாவிட்டால்: மெயின் ரிலேயைச் சோதிப்பது எப்படி

காலையில் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்ளும் வண்டி, மதிய வெயிலில் நிறுத்தி எடுத்தால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்காது. சாயங்காலம் சூடு தணிந்ததும் தானாகச் சரியாகிவிடும். 1990-களின் சிவிக், அக்கார்டு, இந்தியாவுக்கு 1998-இல் வந்த முதல் சிட்டி போன்ற பெட்ரோல் ஹோண்டாக்களில் இப்படி நடந்தால், முதலில் பார்க்க வேண்டியது டாஷ்போர்டுக்கு அடியில் உள்ள பிஜிஎம்-எஃப்ஐ (ஹோண்டாவின் பெட்ரோல் இன்ஜெக்ஷன் அமைப்பு) மெயின் ரிலேயை, அதாவது அந்த அமைப்புக்கு மின்சாரம் தரும் மின் சுவிட்சை. ஃபியூயல் பம்ப்பை மாற்றிப் பணத்தைக் கரைப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

அந்த ஒரே டப்பாவுக்குள் இரண்டு ரிலேக்கள் உண்டு. சாவியை ஆன் செய்ததும் முதலாவது ரிலே இசியுவுக்கும் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்கும் மின்சாரம் தரும். இரண்டாவது பம்ப்புக்கானது. இசியு அதை முதலில் இரண்டு விநாடி மட்டும் இயக்கி, எஞ்சின் சுற்றுவது தெரிந்த பிறகே தொடர்ந்து இயக்கும். அந்த இரண்டு விநாடியில்தான் பாதி விடை கிடைக்கும்.

கோளாறு இருக்கும்போதே சோதியுங்கள். வண்டி ஆறிவிட்டால் எல்லா அளவும் சரியாகவே காட்டும். ஏசி ஃபேன், ரேடியோ எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பெட்ரோல் மூடியைத் திறந்து ஒருவரை அங்கே காது கொடுக்கச் சொல்லி, சாவியை ஆனில் வையுங்கள். செக் எஞ்சின் விளக்கு எரிந்து இரண்டு விநாடியில் அணைய வேண்டும். அதே நேரம் டேங்கிலிருந்து 'ங்ங்' என்ற சத்தம் வர வேண்டும். விளக்கு ஒழுங்காக எரிந்து அணைகிறது, சத்தம் மட்டும் இல்லை என்றால் கோளாறு பம்ப்பின் பாதையில். விளக்கே எரியவில்லை என்றால் இசியுவுக்கு மின்சாரம் போகவில்லை: ஃபியூஸையும் ரிலேயின் முதல் பாதியையும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் எஞ்சின் பிடிக்காவிட்டால் ஸ்பார்க்கைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது டேக்கோமீட்டர் (ஆர்பிஎம் மீட்டர்) முள் அசையவே இல்லை என்றால், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்து ஸ்பார்க்கைத் தூண்டும் இக்னைட்டர் மேல் சந்தேகம் போக வேண்டும். அதுவும் சூட்டில் படுத்துக்கொள்ளும் பாகம்தான், அதனால்தான் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

சத்தம் வரவில்லையா? ரிலேயை விரலால் தட்டிப் பாருங்கள். தட்டியதும் பம்ப் ஓடினால் ஏறக்குறைய உறுதி. ஆனால் தட்டி வேலை செய்யாததால் ரிலே நல்லது என்று முடிவுகட்டக் கூடாது. மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, உங்கள் மாடலின் வயரிங் படத்தைப் பார்த்து (பின் எண்கள் மாடலுக்கு மாடல் மாறும்) கனெக்டரின் பின்பக்கமாக மூன்று இடங்களில் அளக்கவும். ரிலேக்கு வரும் வயரில் பேட்டரி வோல்ட்டேஜ் இருக்க வேண்டும். இசியு எர்த் செய்யும் வயர், அந்த இரண்டு விநாடியில் பூஜ்யத்தை ஒட்டி இறங்க வேண்டும். பம்ப்புக்குப் போகும் வயரில் 12 வோல்ட் வர வேண்டும். முதல் இரண்டும் சரியாக இருந்து மூன்றாவது மட்டும் வராவிட்டால் ரிலேதான் குற்றவாளி. மூன்றும் சரி, பம்ப் மட்டும் ஓடவில்லை என்றால் பம்ப்பின் கனெக்டரிலும் எர்த்திலும் அளந்த பிறகே பம்ப்பைக் குறை சொல்லுங்கள்.

ரிலே கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் சால்டர். ரிலேக்குள் இருக்கும் காயிலின் (கம்பிச்சுருள்) சூடும் கேபினின் சூடும் சேர்ந்து தடித்த பின்களை விரியவும் சுருங்கவும் வைக்க, அவற்றைச் சுற்றியுள்ள ஈயம் வருடக்கணக்கில் களைத்து வளையமாக வெடிக்கும். சூடேறினால் விரிசல் திறக்கும், ஆறினால் தொட்டுக்கொள்ளும்.

ரேடியோவுக்கு ரகசிய எண் (code) இருந்தால் குறித்துவைத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ரிலேயை எடுங்கள். மூடியின் கொக்கிகளை நெம்பித் திறந்து, போர்டை லென்ஸில் பாருங்கள். விரிசல் ஒரு பின்னில் மட்டும் தெரிந்தாலும் தடித்த பின்கள் எல்லாவற்றையும் திரும்பச் சால்டர் செய்ய வேண்டும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, ஃப்ளக்ஸ் தடவி, 40 முதல் 60 வாட் சால்டரிங் அயனில் 60/40 (வெள்ளீயம்/காரீயம்) ஈயம் வையுங்கள். பழையதன் மேலேயே புது ஈயத்தை அப்பினால் சில மாதத்தில் திரும்ப வரும். கான்டாக்ட் முனைகள் கருகிக் குழிந்திருந்தால் சால்டர் செய்து பயனில்லை, புது ரிலேதான்.

மாட்டுவதற்கு முன் காயிலுக்கு 12 வோல்ட் கொடுத்து, ஹேர் டிரையரால் சூடேற்றியபடி கான்டாக்டின் தொடர்ச்சியை மீட்டரில் பாருங்கள். சூட்டிலும் அறுபடாமல் நின்றால் மாட்டிக்கொள்ளலாம்.