ஸ்னோ ஒயிட் என்கிற ராணியின் கண்ணாடிக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வது எப்படி?

யாங்கூனில் என் பேரப்பிள்ளைகளுக்கு நான் கதை சொல்வது, சாயங்காலம் குளித்த பிறகு, முகத்தில் பூசும் தனகா மரக்கட்டையை அரைக்கும்போதுதான். கல்லில் தண்ணீர் தெளித்துக் கட்டையைத் தேயுங்கள். கன்னத்தில் பூசிவிட்டு, கையில் சின்னக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்து, "இப்ப யார் அழகு?" என்று கேளுங்கள். கதை அங்கே தொடங்கட்டும்.

இந்தக் கதையைத் தொகுத்த ஜெர்மானிய கிரிம் சகோதரர்களின் 1812 பதிப்பில் பொறாமைக்கார ராணி, ஸ்னோ ஒயிட்டைப் பெற்ற தாயேதான். 1819-இல்தான் மாற்றாந்தாய் ஆனாள். உங்கள் வீட்டில் சித்தி இருந்தால் வெறுமனே 'ராணி' என்றே சொல்லுங்கள், பிள்ளை மனசு நோகக் கூடாது.

தன்னைவிட அழகி என்று கண்ணாடி சொன்ன ஸ்னோ ஒயிட்டைக் கொல்ல ராணி ஒரு வேடனை அனுப்புகிறாள். அவன் கொண்டுவரும் பன்றிக்குட்டியின் ஈரலை அந்தப் பெண்ணின் ஈரல் என்று நம்பி, உப்புப் போட்டு வேகவைத்து ராணி தின்பதை மறைக்காதீர்கள். பிள்ளைகள் "சீ!" என்று கத்திச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், பயம் அப்படித்தான் கரையும்.

அப்புறம் அந்தப் பெண்ணை மூன்று தடவை தானே கொல்ல வருகிறாள்: சட்டையை இறுக்கும் நாடா, விஷச் சீப்பு, ஆப்பிள். முதல் இரண்டும் அலங்காரச் சாமான். இங்கே நிதானமாகச் சொல்லுங்கள். அழகுக்காக உயிரை விடுகிறவள், முகத்தில் சாயம் பூசிக் கிழவியாக வருகிறாளே, எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது.

கடைசியில் கல்யாண வீட்டில், பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்போடு சாகும்வரை ஆடுகிறாள். அப்போது குரலைத் தாழ்த்துங்கள்.

போன வாரம் பேத்தி கேட்டாள்: "அந்தக் கண்ணாடியை யாருமே உடைக்கலையா பாட்டி?"

கதையில் யாரும் உடைக்கவில்லை.