33 கிலோவில் மைனஸ் காட்டிய தராசு

சுங்கை சிப்புட் தோட்டத்தில் செம்பனை உதிரிப்பழ மூட்டை நிறுக்கும் ஆர்டுயினோ ஊனோ (சிறு கட்டுப்பாட்டுப் பலகை) தராசு 32 கிலோ வரை சரி. 33 வைத்தால் மைனஸ் 32536 கிராம். எடையை உணரும் லோட் செல், அதன் சிக்னலை எண்ணாக்கும் எச்எக்ஸ்711 பலகை, ஒயர் எல்லாம் மாற்றியும் வீண். நிரலில் பிழை தேடும் சிபிபிசெக் கருவியில் ஓட்டினால் ஒரு குறையும் சொல்லவில்லை.

சூட்சுமம் இதுதான்: கணினியில் ஓடும்போது அந்தக் கருவி இன்ட்டை (முழு எண் வகை) 32 பிட் என்றே எடுத்துக்கொள்கிறது. ஊனோவில் 16 பிட், உச்சம் 32767. கருவியின் பிளாட்ஃபார்மை ஏவிஆர்8 (ஊனோ சிப்பின் வகை) ஆக்கி, வார்னிங்கையும் திறந்துவிட்டதும் பிடித்தது. கிலோ 50க்கு மேலா என்று சோதிக்கும் இஃப் வரியை வைத்து, 1000ஆல் பெருக்கும் இடத்தில் ஓவர்ஃப்ளோ (எண் உச்சத்தைத் தாண்டுகிறது) என்றது.

கிராம் மாறியை மட்டும் லாங் (32 பிட் வகை) ஆக்கினால் போதாது. பெருக்கல் அதற்குள் இன்ட்டிலேயே முடிந்துவிடும். 1000ஐயும் 1000எல் (லாங் எண்) என்று எழுதியபின்தான் நிம்மதி. அப்படியொரு இஃப் இல்லாத இடத்தில் கருவி பெரும்பாலும் வாயே திறக்காது, கண்ணால்தான் தேட வேண்டும்.