உற்பத்தி லைனிலிருந்து வீட்டுப் பராமரிப்பு நிர்வாகத்துக்கு மாறுவது எப்படி

தொழிற்சாலையில் ஷிப்ட் இன்சார்ஜாக இருந்தவர், நோயாளிகளையும் முதியவர்களையும் அவர்கள் வீட்டுக்கே போய்க் கவனிக்கும் வீட்டுப் பராமரிப்புத் துறைக்கு வரும்போது எடுத்த எடுப்பில் மேலாளர் பதவிக்கு விண்ணப்பிக்க வேண்டாம். எந்தப் பணியாளர் எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போவது என்று ஒதுக்கும் அட்டவணைப் பொறுப்பில் நுழையுங்கள். உங்கள் அனுபவம் முதல் நாளிலிருந்தே பயன்படும் இடம் அதுதான். மருத்துவ முடிவுகள் செவிலியர், மருத்துவர் கையில் இருப்பதால், அவர்களோடு பேசிப் பழகவும் அங்கே வாய்ப்புக் கிடைக்கும்.

அதற்கு முன் இரண்டு வேலைகள். அடிப்படை உயிர்காப்புப் பயிற்சியை முடியுங்கள். இதயம் நின்றுபோன பெரியவர்களுக்குக் கையால் நெஞ்சை அழுத்துவது நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழம் என்பது கைப்பழக்கமாக வேண்டும். பிறகு, வீட்டார் சம்மதத்துடன், அனுபவமுள்ள பராமரிப்பாளரோடு பத்து வீடுகளுக்காவது போய் வாருங்கள். குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், சிறுநீர் மலத்தை அடக்குதல், உண்ணுதல் ஆகிய ஆறில் எதற்கெல்லாம் ஒருவருக்கு உதவி தேவை என்று குறித்துக்கொள்ளுங்கள். 1963-இல் சிட்னி காட்ஸ் குழுவினர் வெளியிட்ட இந்த அளவுகோல் இன்றும் புழக்கத்தில் உள்ளது. ஒரு வருகைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைப் பெரும்பாலும் இந்த ஆறும்தான் முடிவு செய்கின்றன.

இனி கணக்கு. புதிதாக வருபவர்கள் சறுக்குவது இங்கேதான். 8 மணி நேர ஷிப்டில் 480 நிமிடம். சாப்பாட்டுக்கும் பணி ஒப்படைப்புக்கும் 45 போனால் 435. வீட்டில் 45 நிமிடம், பயணம் 25, குறிப்பு எழுத 10 என்று வைத்தால் ஒரு வருகைக்கு 80 நிமிடம். ஆக, ஒருவருக்கு 5 வருகைதான். ஆறாவதைத் திணித்தால் முதலில் அடிபடுவது குறிப்பு எழுதும் நேரம். மாலையில் நினைவிலிருந்து எழுதிய இரத்த அழுத்த அளவை நம்பி மருத்துவர் மருந்தை மாற்றினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஒரு நாளில் 30 வருகை என்றால் 6 பேர் போதும் என்று தோன்றும். போதாது. அவற்றில் 18 வருகைகள் காலை 6 முதல் 9 மணிக்குள் கேட்கப்பட்டால், அந்த மூன்று மணி நேரத்தில் ஒருவரால் 2 வீடுதான் முடியும். 9 பேர் வேண்டும். தினசரி சராசரியை வைத்து ஆள் எடுத்தால் ஒவ்வொரு காலையும் இழுபறிதான். செவிலியரையும் குடும்பத்தாரையும் கேட்டு, உண்மையிலேயே நேரம் தவறக்கூடாதவை எவை என்று பிரியுங்கள். உணவுக்கு முந்தைய இன்சுலின் நகராது. குளியலும் சில வகைக் காயக்கட்டு மாற்றமும் பல வீடுகளில் நகரும். ஆறு வருகையை முற்பகலுக்குத் தள்ள முடிந்தால் அதே 6 பேர் போதும்.

லைனில் ஆள் வராவிட்டால் இருப்புச் சரக்கு கைகொடுக்கும், இல்லையென்றால் லைனை நிறுத்தலாம். இங்கே இரண்டுமே இல்லை. அதனால் நோயாளிகளை மூன்று வகையாகப் பிரித்த பட்டியல் முந்தைய மாலையே தயாராக இருக்கவேண்டும்: எக்காரணத்தாலும் தவறக்கூடாதவர், அன்றைக்குள் பார்த்தாக வேண்டியவர், மறுநாளுக்கு மாற்றக்கூடியவர். பிரிப்பது செவிலியர், ஆளை நிறுத்துவது நீங்கள்.

‘ஏன்’ என்று திரும்பத் திரும்பக் கேட்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். முதியவர் இரவில் விழுந்தார். ஏன்? கழிப்பறைக்கு அவசரமாக எழுந்தார். ஏன் அவசரம்? சிறுநீர் பிரிக்கும் மாத்திரையை மாலையில் விழுங்கியிருக்கிறார். ஏன் மாலையில்? காலை வருகை தாமதமாகி, மாத்திரை தள்ளிப்போயிருக்கிறது. பராமரிப்பாளரைத் திட்டியிருந்தால் இது வெளியே வந்திருக்காது. மருந்து நேரத்தை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். அட்டவணையை நீங்கள் சரிசெய்யுங்கள்.

அடியோடு விடவேண்டிய பழக்கமும் ஒன்று உண்டு: ஆட்களைச் சுழற்சியில் மாற்றுவது. மறதிநோய் உள்ளவர் புதுமுகத்தைக் கண்டு மிரண்டு குளிக்க மறுப்பார். ஒரு நோயாளி வாரத்தில் எத்தனை வெவ்வேறு முகங்களைப் பார்க்கிறார் என்று எண்ணி, அதைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

விண்ணப்பத்தில் இயந்திரத் திறன் சதவீதங்கள் வேண்டாம். எத்தனை பேருக்கு ஷிப்ட் போட்டீர்கள், திடீர் விடுப்பை எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள். நேர்காணலில் நீங்களும் ஒன்று கேளுங்கள்: “போன வாரம் தவறிப்போன வருகைகள் எத்தனை? உங்களுக்கு எப்படித் தெரிந்தது?” குடும்பத்தார் போன் செய்து சொல்லித்தான் தெரிந்தது என்றால், அங்கே நீங்கள் முதலில் கட்டவேண்டியது ஒவ்வொரு வீட்டு வருகையையும் பதியும் முறை.