லேத் பட்டறைக்கு சிஎன்சி மில்லிங் இயந்திரம்: இறக்குவதற்கு முன்னும் பின்னும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர், கணினி புரோகிராம்படி தானே உலோகத்தைச் செதுக்கும் சிஎன்சி மில்லிங் இயந்திரத்துக்கு விலை கேட்கும் முன் தம்முடைய ஓராண்டு பில் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அரிசி ஆலை ஷாப்ட், பம்பு உதிரிபாகம் என ஒற்றையாக வரும் வேலைகளைக் கையால் இயக்கும் பழைய மில்லிங் மெஷினே விரைவில் முடித்துவிடும். ஒரே ஜாப் (செய்து தரும் பாகம்) ஐம்பது, நூறு எனத் திரும்பத் திரும்ப வரும்போதுதான் புரோகிராம் எழுதும் நேரம் ஈடாகும். ஆகவே பழைய மெஷினை விற்றுவிட வேண்டாம். மேசை அளவு சற்றுக் குறைந்த இயந்திரத்தை வாங்கி, மிச்சப் பணத்தை கட்டரைப் பிடிக்கும் டூல் ஹோல்டர், கொலெட், கடினமான கார்பைடு கட்டர், ஜாப்பை இறுக்கிப் பிடிக்கும் நல்ல வைஸ் ஆகியவற்றுக்கு ஒதுக்குவதே என் பரிந்துரை.

தயாரிப்பாளர் தரும் வரைபடத்தின்படி தரையைக் கம்பி கட்டிய கான்கிரீட்டாகப் போட்டு, 28 நாள் நீராற்றி, அதன் பிறகே இயந்திரத்தை இறக்க வேண்டும். மட்டம் பார்க்கக் கொத்தனாரின் ரசமட்டம் போதாது, மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் மட்டக்கருவி வேண்டும்.

அதிகக் கவனம் கேட்பது எர்த்திங், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு. பல தயாரிப்பாளர்கள் எர்த் மின்தடை 1 ஓமுக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். ஐப்பசி மழையில் மண் நனைந்திருக்கும்போது அளந்தால் அளவு நன்றாகவே காட்டும். சித்திரை வெயிலில் செம்மண் இறுகிக் காய்ந்ததும் அதே எர்த் குழியின் மின்தடை ஏறிவிடும். கோடையிலும் அளந்து, குழிக்குத் தவறாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். இயந்திரத்துக்கெனத் தனிக் குழி எடுப்பது அவசியம்; வெல்டிங் செட்டின் எர்த்தோடு இணைத்தால் மோட்டார்களை இயக்கும் டிரைவ் போர்டுகளுக்கு ஆபத்து. 415 வோல்ட் மும்முனை மின்சாரத்தைச் வோல்டேஜைச் சீராக வைக்கும் சர்வோ ஸ்டெபிலைசர் வழியாகவே கொடுக்க வேண்டும். இயந்திரத்துக்குக் காற்று தரும் கம்ப்ரஸருக்கு, அந்தக் காற்றின் ஈரத்தை நீக்கும் டிரையரும் சேர்த்து வாங்குங்கள்.

வெப்பத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். 300 மி.மீ. நீள எஃகு, 10 டிகிரி சூடேறினால் சுமார் 35 மைக்ரான் (0.035 மி.மீ.) நீளும். நடுப்பகலில் அளந்து சரியென்று அனுப்பிய ஜாப், குளிரூட்டிய ஆய்வு அறையில் குறைவாகக் காட்டுவதற்கு இதுவே காரணம். கோடையில் மின்பெட்டிக் கதவைத் திறந்துவைத்து டேபிள் ஃபேன் ஓடவிடும் பழக்கம் கூடவே கூடாது. இரும்புத்தூள் உள்ளே போய்ப் படியும். பெட்டிக்கு ஏசி பொருத்துவது, ஒரு டிரைவ் மாற்றும் செலவைவிடக் குறைவு.

ஐடிஐ முடித்த இளைஞரை ஆபரேட்டராக எடுத்தாலும், கட்டர் சத்தத்தைக் கேட்டே பதம் சொல்லும் பழைய மில்லிங்காரரை அவரோடு நிறுத்துங்கள். புதிய புரோகிராமை முதலில் ஜாப்புக்கு மேலே காற்றில் ஓட்ட வேண்டும். பிறகு ஒவ்வொரு வரியாக நின்று ஓடும் சிங்கிள் பிளாக்கில், ஃபீடை (கட்டர் நகரும் வேகத்தை) குறைத்து, ஒரு விரலை நகர்வை நிறுத்தும் ஃபீட் ஹோல்டு பொத்தானிலேயே வைத்து ஓட்ட வேண்டும்.

சர்வீஸ் இன்ஜினியர் பெரும்பாலும் கோவையிலிருந்தோ சென்னையிலிருந்தோ வர வேண்டியிருக்கும். ஆகவே இயந்திரத்தை ஒப்படைக்கும் நாளிலேயே பேராமீட்டர்களை, அதாவது இயந்திரத்தின் அமைப்பு மதிப்புகளை, பென் டிரைவில் எடுத்து, இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். இயந்திரத்தை இயக்கும் கணினியான கன்ட்ரோலரின் பேட்டரி எச்சரிக்கை வந்தால், கையேட்டில் சொன்னபடி, பெரும்பாலான கன்ட்ரோலர்களில் மின்சாரம் ஓடும்போதே, மாற்ற வேண்டும். அணைத்துவிட்டுக் கழற்றினால் நினைவகத்தில் உள்ளவை அழிந்துபோகலாம்.